கலைமணி பார்த்த இரணிய வதம்

நாடக விமர்சனம் எழுதுகிறவர்கள் எனக்கு இரண்டு வகையாகத்தான் வாய்த்திருக்கிறார்கள். ஒரு வகை, நடிகரின் சொந்தக்காரர்கள். இன்னொரு வகை, நாடகத்துக்கே போகாதவர்கள். சேலம் அம்மாபேட்டையில் ஒரு கைத்தறிச் சேலைக்கடையின் பின்னறையிலிருந்து இருபது வருஷமாக நான் ஒரு காலாண்டிதழ் நடத்துகிறேன். முந்நூறு பிரதி அச்சடிப்பேன், அதில் நூறு என் கட்டிலுக்கடியில் கிடக்கும். இந்த லட்சணத்தில் எனக்குக் கலைமணி கிடைத்தது போன ஜென்மத்துப் புண்ணியம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கலைமணி புதுச்சத்திரம் பக்கம் நெடுஞ்சாலையோர எடைமேடையில் வேலை பார்ப்பவர். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி வந்து நிற்கும், எடை பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுப்பார். கணவர் போர்வெல் ரிக் வண்டியில் ஒடிசாவுக்குப் போனவர், அங்கேயே விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் கிடையாது. நாற்பத்தாறு வயது, ஓயாத முழங்கால் வலி, சட்டென்று மூக்குக்கு மேல் வரும் கோபம். ராசிபுரமோ ஆத்தூரோ, எந்த ஊரில் கூத்து என்றாலும் பஸ் ஏறிவிடுவார். எழுதுவதெல்லாம் எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில். அவற்றை நூலில் கோத்து எனக்கு அனுப்புவார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும்.

அவர் பார்க்கிற விதமே தனி. ஒரு கூத்தை மூன்று இடங்களிலிருந்து பார்ப்பார். தொடக்கத்தில் கூட்டத்துக்குள், நடுவில் வேஷம் கட்டும் கொட்டகையில், முடிகிற நேரத்தில் மேடைக்குப் பின்னால். யார் நாற்காலியில், யார் மண்ணில், யார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பார்க்கிறார்கள் என்பதிலிருந்துதான் அவருடைய விமர்சனம் ஆரம்பிக்கும். சேலத்தில் ஒரு மன்றத்தில் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி நாடகம் போட்டார்கள். நாங்களெல்லாம் எழுந்து நின்று கைதட்டினோம். கலைமணி எழுதியதோ, வாசல் காவலாளி குடிக்கத் தண்ணீர் கேட்டு மூன்று பேரிடம் திட்டு வாங்கிய கதையை. அந்த நாடகக்காரர்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இன்னோர் ஊரில் துகிலுரியும் காட்சி வருகிற நேரம் பார்த்துப் பெண்களையெல்லாம் காபி போட எழுப்பிவிட்டார்களாம். அங்கே சபையில் வாய் திறக்க ஆள் இல்லை, இங்கே பார்க்கவே ஆள் இல்லை என்று எழுதினார். மேடையை மட்டும் பார்ப்பவன் பாதிக் கூத்தைத்தான் பார்க்கிறான் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை நாற்காலியில் உட்கார்ந்தார்.

எட்டிமரத்தூரில் பங்குனி நோன்புக்கு இரணியன் கூத்து நடக்கும். மற்ற வேஷங்களைக் கூத்துக் குழுவே கட்டும். நரசிம்மம் மட்டும் ஊர்ப் பண்ணைக் குடும்பத்தின் உரிமை. சிங்கமுகம் அவர்கள் கோயிலில் இருக்கிறது, வேறு யாரும் தொடக்கூடாது. இரணியன் வேஷம் காலனி ஆளுக்கு. அதுவும் வழக்கம்தான். கிழிபடுகிற வேஷத்தை யாருக்குக் கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். முகத்தைக் கட்டியதும் நரசிம்மத்துக்குச் சாமி வந்துவிடும். விரல்களில் தகர நகங்கள் வேறு. நிஜமாகவே இரணியனைக் கிழித்துவிடக்கூடாதே என்று இடுப்பில் தாம்புக்கயிறு கட்டி, ஆறு பேர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருப்பார்கள். ஆறு பேரும் பண்ணைக் குடும்பத்து வகையறா. முதல் பிடி சின்னுசாமி, ஜவ்வரிசி ஆலைக்காரர். நரசிம்மம் கட்டுவது அவருடைய அண்ணன் மகன் கௌசிக். இரணியன் தனசேகர், அதே ஆலையில் கிழங்கு அரைக்கும் கூலிக்காரர்.

2022-இல் கலைமணி முதல்முறையாக அங்கே போனார். சின்னுசாமி ஆள் விட்டு முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். "எழுதற அம்மா மண்ணுல உக்காரலாமுங்களா?" என்று அவரே வந்து கேட்டாராம். முழங்கால் வலி ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம். கலைமணி உட்கார்ந்துவிட்டார், விடிகிறவரை எழுந்திருக்கவில்லை. கிழக்கு வெளுக்கும்போது காகிதத் தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மம் பாய்ந்தது. கயிறு தளர்ந்தது. தகர நகங்கள் தனசேகரின் மார்பைத் தோளிலிருந்து விலா வரை உழுதன. பதினோரு தையல். கூட்டம் கோவிந்தா போட்டது.

அதைக் கலைமணி மெய்சிலிர்த்து எழுதினார். கயிறு தளர்ந்த கணத்தில் நடிப்பு முடிந்து தெய்வம் தொடங்கிவிட்டது, ஊர் முழுவதும் ஒரே உடம்பாகிவிட்டது என்றெல்லாம் எழுதினார். நானும் சிலிர்த்துப்போய் அட்டைப்படக் கட்டுரையாக்கினேன். அந்தக் கூத்துக்கு ஒரு மாதம் முன்னால்தான், ஆலைக் கழிவு காலனிக் கிணற்றில் இறங்குகிறது என்று தனசேகர் மனு எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார். எங்கள் இருவருக்கும் அது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மறு வருஷம் மனுவும் இல்லை, கயிறும் தளரவில்லை. தனசேகர் ஒரு கீறல் இல்லாமல் செத்து எழுந்தார்.

2024-இல் தனசேகர் மறுபடி மனு கொடுத்தார். அதிகாரிகள் வந்து கிணற்றுத் தண்ணீரை மொண்டு போனார்கள். ஆலை பத்து நாள் பூட்டிக் கிடந்தது. பூட்டைத் திறந்த மறுவாரம் நோன்பு. இந்த முறை வேஷக் கொட்டகையில் கலைமணி காதில் மனு விஷயம் விழுந்தது. நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விடிகிற நேரத்தில் மேடைக்குப் பின்னால் போய்க் கயிற்றுக்காரர்களுக்கு மூன்றடி தள்ளி நின்றார்.

தூண் பிளந்தது. கௌசிக் பாய்ந்தான். ஆறு பேரும் கயிற்றை விறைப்பாகத்தான் பிடித்திருந்தார்கள். சின்னுசாமி தலையைத் திருப்பாமலே, "உடுங்கடா" என்றார். பன்னிரண்டு கைகள் விரிந்தன. வழுக்கவில்லை, தளரவில்லை, விரிந்தன. கலைமணி அதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டித்தான் சொல்வார்.

கௌசிக் தனசேகரை மல்லாக்கத் தள்ளி மார்பில் முழங்காலை ஊன்றினான். விலா எலும்பு முறிந்த சத்தம் மத்தளத்தையும் மீறிக் கேட்டதாம். கிரீடம் உருண்டது. முதலில் கன்னம் கிழிந்தது. பிறகு இடது கண்ணில் நகம் இறங்கியது. தனசேகர் போட்ட அலறலைக் கூட்டம் வசனம் என்று நினைத்தது. யாரோ கற்பூரத் தட்டைத் தூக்கிப்பிடித்தார்கள். கலைமணி ஓடிப்போய்க் கீழே கிடந்த கயிற்றைப் பிடித்துத் தனியாக இழுத்தார். ஒற்றை ஆளால் ஆகிற காரியமா அது! உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். எவனோ அவர் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்து வீசினான். "போதும்" என்று சின்னுசாமி சொன்ன பிறகுதான் ஆறு பேரும் போய்க் கௌசிக்கைத் தூக்கினார்கள். அதற்குள் தனசேகரின் கண் போய்விட்டது.

ஸ்டேஷனுக்கு என்னையும் கலைமணி கூப்பிட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் சலிப்பாகக் கேட்டார்: "சாமி வந்த ஆள் மேல எந்த செக்‌ஷன்ல கேஸ் போடச் சொல்றீங்க?" சின்னுசாமி பதற்றமே இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தார். உள்ளே என் பத்திரிகை.

"இந்தம்மா படிச்சவங்கதானுங்க. அவிங்களே எழுதியிருக்கறாங்க பாருங்க, கயிறு தளர்றதுதான் தெய்வம்னு. அன்னைக்கி தெய்வம், இன்னைக்கி குத்தமுங்களா?"

கலைமணி அந்த உறையைத் தன் பக்கம் இழுத்தார். அவர் கையில் கட்டு போட்டிருந்தது. பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் கலை வேறு குற்றம் வேறு என்று எதையாவது அளக்கலாம். நானாக இருந்தால் அளந்திருப்பேன்.

"அது நான் எழுதுன பொய்யிங்க" என்றார். "நாற்காலி போட்டாங்க, உக்காந்துட்டேன். எப்பவும் பின்னால போயிப் பாப்பேன், அன்னைக்கிப் போகலை. பாக்காததைப் பாத்த மாதிரி எழுதிப்போட்டேன். இந்தத் தடவ மூணடி தள்ளி நின்னு பாத்தனுங்க. 'உடுங்கடா'ன்னு சொன்னது இவருதான்."

வாக்குமூலத்தை அவரே எழுதிக் கொடுத்தார். தோல் உரிந்த கையால் நான்கு பக்கம். யார் கயிற்றில் எத்தனையாவது ஆள், யார் முதலில் கையை விரித்தார், கோவிந்தா எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தது, எல்லாம் அதில் இருந்தது. அவர் எழுதியதிலேயே நல்ல விமர்சனம் அதுதான் என்று சொல்வேன், அதை நான் அச்சிட முடியாது என்றாலும். ஏழு பேர்மேல் வழக்குப் பதிவானது.

ஐந்தாம் நாள் பட்டப்பகலில் எடைமேடைக்கு இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். "எழுதற கை எதுங்கக்கா?" என்று மரியாதையாகக் கேட்டார்களாம். மேஜையில் பேனா வலது பக்கம் இருந்ததைப் பார்த்து, வலது கையை இரும்பு மேஜை விளிம்பில் வைத்து அழுத்தி, ஜாக்கி ராடால் அடித்தார்கள். மூன்று அடி. மணிக்கட்டு நான்கு துண்டு. எடை போட இரண்டு லோடு லாரிகள் வரிசையில் நின்றன, ஒரு டிரைவரும் இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, மாவுக்கட்டோடு, தனசேகரைப் பார்க்க வேண்டும் என்றார். நான் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். எட்டிமரத்தூர்க் காலனியில் இரண்டாவது வீடு. தனசேகர் கட்டிலில் சாய்ந்திருந்தார், பாதி முகத்தில் பஞ்சும் துணியும். மூச்சு விடும்போது விலாவைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி சரிதா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், வாங்க என்று சொல்லவில்லை.

கலைமணி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலியைச் சொன்னார், பொய்யைச் சொன்னார். கடைசியில் கேட்டார்: "ஒரு தடவ கிழிபட்டவரு, எதுக்குங்க மறுபடியும் வேஷம் கட்டுனீங்க? கயிறு உட்டது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்கக்கா" என்றார் தனசேகர். "கயிறு தொங்கிப்போனது நல்லாத் தெரிஞ்சுது. ரெண்டு எட்டு வெச்சா மேடைய உட்டு எறங்கியிருப்பேன். பின்னால எங்காளுங்கதான் நின்னாங்க, புடிச்சிருப்பாங்க."

"அப்புறம் ஏன் ஓடலை?"

அவர் ஒற்றைக் கண்ணால் கலைமணியைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "நீங்கதானே எழுதியிருந்தீங்க. சிங்கம் பாஞ்சப்பவும் இரணியன் ஓரடி பின்னால வெக்கலை, இந்த ஜில்லாவுலயே இப்பிடி நிக்கற ஒரே நடிகன் தனசேகர்தான்னு. ஊட்டுக்கு வாரவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டுவேனுங்க. பேரு புஸ்தகத்துல வந்துருச்சு. அதுக்கப்புறம் எப்பிடிங்கக்கா ஓடறது?"

எனக்கு அந்த இடத்தைவிட்டு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

சரிதா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கலைமணிக்கு முன்னால் வைத்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமலே சொன்னாள்:

"இந்தக் கைய ரெண்டு வருசம் முந்தியே வந்து ஒடைச்சிருந்தா, எம்பட புருசனுக்குக் கண்ணு இருந்திருக்குமுங்க."

"ஆமா கண்ணு" என்றார் கலைமணி.