சாவித்ரி வராத மே மாதம்

புனேயை ஒட்டிய சாங்வியில் கிரிஜாவின் வீட்டுக் கொல்லையில் இருந்த பாயரி மாமரம் அந்த வருஷம் கிளை தொய்யக் காய்த்திருந்தது. காய்கள் பறிக்கும் பக்குவத்துக்கு வந்த வாரத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஃபோன் வந்தது. அக்கா சாவித்ரி காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த வாரம் அவள் புனே வருவதாக இருந்தது. கிரிஜாவின் கணவர் ராகவேந்திரா பிம்ப்ரி மருந்துத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போய்க்கொண்டிருந்த நாளிலிருந்தே ஒவ்வொரு மே மாதமும் வந்துவிடுவாள். அவர் வேலைக்குக் கிளம்பியதும் அக்காவும் தங்கையும் கொல்லைப் படியில் உட்கார்ந்துகொள்வார்கள். சாவித்ரி பழத்தை நறுக்க விடமாட்டாள். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கசக்கி, காம்பைக் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சுவாள். சாறு முழங்கை வரை வழியும். பேச்சு எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போகும். மதியச் சமையல் என்ற நினைப்பே இருவருக்கும் வராது.

"இங்கே வந்துட்டா நான் யாருக்கும் அம்மா இல்லே, ஆத்துக்காரி இல்லே. உனக்கு அக்கா, அவ்வளவுதான்" என்பாள்.

கிரிஜா கையில் கிடைத்த புடவைகளைப் பையில் திணித்தாள். பக்கத்து வீட்டு ரோஹிணி வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். கிரிஜாவின் கண் மரத்தின் பக்கம் போனதைப் பார்த்துவிட்டு, "தும்ஹி ஜா. மீ பாஹ்தே" என்று மராத்தியில் சொன்னாள். நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. இந்த நேரத்தில் போய் மாம்பழத்தை நினைத்தோமே என்று கிரிஜாவுக்கு வெட்கமாக இருந்தது. அவளும் ராகவேந்திராவும் லோஹேகாவ் விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள்.

கோயம்புத்தூரில் சாவித்ரியின் மகன் கேஷவ் காரியங்களைச் செய்தான். கிரிஜா வந்தவர்களுக்குக் காபி கலந்தாள், பாத்திரம் தேய்த்தாள். அழுகை மட்டும் வரவில்லை. அது ஏனென்று அவளுக்கே புரியவில்லை.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் அத்திம்பேர் சந்தானம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாத மனிதர். வருஷா வருஷம் மனைவியை ரயிலேற்றி விடுவதோடு சரி, ஒரு தடவைகூடப் புனேக்கு வந்ததில்லை.

"கிரிஜா, உங்களோட நானும் வரட்டுமா?"

"தாராளமா வாங்கோ அத்திம்பேர். இத்தனை வருஷமா கூப்பிட்டுண்டே இருந்தேனே, ஏன் வரலை?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அங்கேர்ந்து திரும்பி வந்தா ரொம்ப நாளைக்குச் சிரிச்சுண்டே இருப்பா. நானும் கூட வந்தா, எனக்குக் காபி, எனக்கு டிபன்னு அங்கேயும் சமையல்கட்டுக்கே போயிடுவாளேன்னு வரலை."

கிரிஜாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கேஷவ் கொண்டுவந்த தண்ணீரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் அழுது தீர்த்தாள்.

புனே வீட்டுக் கதவைத் திறந்ததும் பழ வாசனை எதிரே வந்தது. ரோஹிணி ஆள் வைத்துக் காய் பறித்து, கூடத்தில் வைக்கோல் பரப்பிப் பழுக்க வைத்திருந்தாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தும் மிச்சம் இருந்தது. அன்று மதியம் பூரியும், மாம்பழத்தைக் கரைத்த ஆம்ரஸும் அவள் வீட்டிலிருந்தே வந்தன. சந்தானம் மறுக்காமல் சாப்பிட்டார்.

ஒரு வாரம் என்று வந்தவர் ஜூன் வரை இருந்தார். காலையில் கொல்லைப் படியில் உட்கார்ந்து சாவித்ரியைப் பற்றிச் சொல்லுவார். கல்யாணமான புதிதில் சைக்கிள் கற்றுக்கொள்ளப் போய் அவரையே இடித்துத் தள்ளியது, இந்தி சீரியலுக்குத் தமிழில் பதில் சொன்னது. கிரிஜா கேள்விப்படாத கதைகள். பதிலுக்கு அவள் புனே கதைகளைச் சொன்னாள்.

முதல் மழை காற்றோடு வந்தது. உச்சிக் கிளையில் எட்டாமல் விட்ட பழங்கள் மடமடவென்று விழுந்தன. குடையை விட்டுவிட்டு சந்தானம் வெளியே ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்ததையெல்லாம் ரோஹிணி மராத்தியில் கத்திக்கொண்டே எடுத்து நீட்ட, அவர் தமிழில் நன்றி சொல்லி வேஷ்டி மடியில் வாங்கிக்கொண்டிருந்தார்.

"ராகவேந்திரா, ஒரு வாளி கொண்டாங்கோ!" என்று கத்தினார். அவர் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டு கிரிஜாவுக்கு ஞாபகம் இல்லை.