இரண்டு பாபிலோன்

தீபத் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் அம்மா கோலம் போட்டால் பால்காரர்கூட வண்டியை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போவார். அந்தப் பெருமையில்தான் ஒன்பதாம் வகுப்பில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பள்ளிக் கண்காட்சிக்கு மெசபடோமியா வரைபடத்தைத் தரையில் கோலப்பொடியால் போட வேண்டும் என்று டீச்சர் சொன்னதும், "எங்கம்மா போடுவாங்க மிஸ்" என்று எழுந்து நின்றேன். சுமேர், அக்காட், பாபிலோன், அசிரியா எல்லாவற்றையும் குச்சியால் காட்டி விளக்கும் வேலையும் எனக்கே கிடைத்தது.

அன்று விடிந்ததும் அம்மா பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பள்ளி மைதானத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் வேப்பமரத்தடியில் விளக்கவுரையை உருப்போட்டேன். திரும்பி வருவதற்குள் வேங்கிக்கால் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்துவிட்டார். அவர் பின்னால் பள்ளிக்கூடமே வந்தது.

கோலம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கோடு முடியாமல் திறந்து நிற்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். கடலில் போய் விழவேண்டிய இரண்டு ஆறுகளையும் கீழே வளைத்து ஒன்றாகச் சேர்த்து முடித்திருந்தாள். இடப்பக்கம் ஒன்று இருந்தால் வலப்பக்கமும் ஒன்று இருந்தாக வேண்டும். ஆகவே பாபிலோன் இரண்டு. நடுவில் ஒரு பூசணிப்பூ வேறு.

"கடல் எங்கேம்மா?" என்றார் அதிகாரி. குச்சியை ஆற்றின்மேல் ஓட்டினேன்; அது வளைந்து திரும்பி வந்தது.

"சரி, பாபிலோனையாவது காட்டு."

குச்சி இரண்டு பாபிலோனுக்கும் மாறி மாறிப் போனது. பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு டீச்சர்வரை வந்தது. அப்போது அம்மா கையெல்லாம் பொடியோடு முன்னால் வந்தாள்.

"பொண்ணுக்கு எல்லாம் தெரியுங்க சார். நான்தான் அழகுக்கு ஒண்ணு ஜாஸ்தியா போட்டுட்டேன்."

சிரிப்பு இரண்டு மடங்கானது. எனக்கு மானமே போயிற்று. அவள் பேசாமல் இருந்திருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் பொருமினேன்.

வீட்டுக்குப் போகும்போது வேண்டுமென்றே அவளைவிட வேகமாக நடந்தேன். தேரடி வீதிக் கூட்டத்தில்தான் எட்டிப் பிடித்தாள்.

"ஏண்டி, அந்த பாபிலோன் ஜனங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

வேண்டுமென்றே கிளறுகிறாள் என்று நினைத்தேன். "எல்லாரும் செத்துட்டாங்க, போதுமா?"

"அய்யோ, அவ்ளோ பேருமா?" என்றாள்.

ஐந்தாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவள், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள் என்பது, மானம் போன துக்கத்தில் நடந்துகொண்டிருந்த எனக்குப் புரியவில்லை.