காஜாக்காவுக்குத் தாகம் இல்லை

தண்ணீர் டம்ளரை வாய்வரை கொண்டுபோன காஜாக்கா, ஜன்னல் வழியே ஒரு தடவை வானத்தைப் பார்த்தாள். எதிர்வீட்டுத் தகரக் கூரைக்கு மேலே கறுப்பாக ஒரு மேகம் வந்து நின்றிருந்தது. டம்ளரை அப்படியே தரையில் வைத்து, தூசி விழாமல் ஒரு அட்டையால் மூடினாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பிறகு ஊசியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குத்தான் காஜா என்று பேர். கடைத்தெருத் தையற்கடையிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டைகள் அவள் வீட்டுக்கு வரும். காஜா எடுத்து, பொத்தான் கட்டி, மடித்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவள் காஜாக்கா. ஊசிக்கண் தெரிய வெளிச்சம் வேண்டும், அதனால்தான் எந்நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாதி நிஜம்.

வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டு, மிச்சமிருக்கிற உதட்டோரத்தால் ஊர்க்கதை முழுவதையும் பேசிவிடுவாள். பழைய சட்டை பொத்தான் மாற்ற வந்தால் போதும், அதை உதறிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். "வயித்துப் பொத்தான் மட்டும் பிச்சுக்கிட்டு வந்திருக்குல்ல? சம்பளம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். கழுத்துப் பொத்தான் பிச்சுக்கிட்டா, வீட்ல சண்டை." நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அவளே சிரிப்பாள்.

வெயில் கொளுத்துகிற நாட்களில் அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க வேண்டும். சொம்பை அண்ணாந்து கவிழ்த்தால் மடக் மடக்கென்று தொண்டைக்குழி ஏறி இறங்கும். மேகம் போட்ட நாளில் உதட்டை நனைப்பதோடு சரி. லோடு வேன் ஓட்டுகிற புருஷன் இதற்கு ஒரு பட்டப்பேர் வைத்திருக்கிறார். "ஒட்டகம்டி நீ. ஒரேயடியா ஏத்தி வச்சுக்கிட்டு மழைக்காலம் பூரா ஓட்டிடுற."

"ஒட்டகத்தைக் கட்டிக்கிட்டவரு மட்டும் என்ன குதிரையா?" என்று அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள். காரணத்தை அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

காரணம் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடம். அவர்கள் தெரு ஆற்றங்கரைக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. கனமழை என்றால் ஒலிபெருக்கி வண்டி வரும், தெருவே மூட்டை முடிச்சோடு அந்தப் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏறும். பெண்களும் பிள்ளைகளும் வகுப்பறைக்குள்ளே, ஆண்கள் வெளியே வராந்தாவில். "பொம்பளைங்க உள்ள பத்திரமா இருக்கட்டும்" என்று ஆண்களே நல்லெண்ணத்தில் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆனால் மாடிக்கு இருப்பது ஒரே கழிப்பறை, அதுவும் வராந்தாவின் கடைக்கோடியில். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. போகிறவள் வரிசையாகப் படுத்திருக்கிற அத்தனை ஆண்களின் கால்களையும் தாண்டித்தான் போக வேண்டும். அத்தனை பேருக்கும் அவள் எங்கே போகிறாள் என்று தெரியும்.

சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு மழையில் காஜாக்கா உள்ளே இருந்தபோது ஒரு பெரியவர் தெரியாமல் கதவைத் திறந்துவிட்டார். பாவம், அவரே பதறிப்போய் "ஐயோ, ஐயோ" என்று திரும்பி ஓடினார். அதைப் பார்த்து வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் நாலு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை, பொழுது போகாத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அத்தனை கால்களையும் தாண்டி அவள் திரும்பி வந்தாள். வெள்ளம் வடிந்து வீடு திரும்பும்வரை அவள் தண்ணீரைத் தொடவில்லை.

அவள் மட்டுமா? வகுப்பறையில் இருந்த பெண்கள் யாருமே சரியாகக் குடிப்பதில்லை என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மாதவிலக்கு வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். வாடிக்கையாளர் சட்டைகள் நனையக் கூடாதென்று அந்த மூட்டையைத்தான் அவள் முதலில் தூக்கிக்கொண்டு வருவாள். அதில் வெட்டுத் துணியும் கொஞ்சம் இருக்கும். ஒவ்வொருத்தியாக வந்து, காதோடு காதாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். மாற்றவும் அலசவும் இடம் இல்லாமல் அவர்கள் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததைக் கேட்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒலிபெருக்கி வண்டி வரும்வரை காத்திருக்க உடம்புக்குப் பொறுமை இல்லை. மேகத்தைப் பார்த்ததுமே தொண்டை மூடிக்கொள்கிறது. எதிர்வீட்டு முட்டைக்கடைக்காரி ஒருத்தியிடம் மட்டும் இதைச் சொல்லியிருக்கிறாள். "ஒரு நாள் தண்ணி குடிக்காட்டி செத்தா போயிடுவேன்? மானம் போனா அதோட உட்கார்ந்து தினம் தினம் காஜா எடுக்கணுமே."

செத்துப்போக மாட்டாள்தான். ஆனால் மழைக்காலம்தோறும் நீர்க்கடுப்பு வந்தது, குளிர்க்காய்ச்சல் வந்தது, முதுகை இரண்டாக உடைக்கிற வலி வந்தது. போன தடவை டாக்டரம்மா ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். "இடது பக்கத்துக் கிட்னி சுருங்கிப் போச்சும்மா. இனிமே வலதுதான் உங்களுக்கு எல்லாம். அதுக்கும் இந்த மாதிரி இன்னொரு காய்ச்சல் தாங்காது. ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்லதான் கொண்டுபோய் விடும். தண்ணி குடிங்கன்னு நான் மருந்துச் சீட்டுலயா எழுதணும்?"

"வேலை மும்முரத்துல மறந்துடுது டாக்டர்."

மழைக்காலத்தில் மட்டும் ஏன் மறக்கிறது என்று டாக்டரம்மா கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். வெளியே வாசல்வரை வரிசை நின்றது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் பேரிடர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி தெருவுக்கே வந்து கூட்டம் போட்டார். நாற்காலிகளில் ஆண்கள், பின்னால் சுவரோரம் பெண்கள். படகு வேண்டும் என்றார்கள், கயிறு வேண்டும் என்றார்கள், போனுக்குச் சார்ஜ் ஏற்ற வசதி வேண்டும் என்றார்கள். அதிகாரி நல்ல மனுஷர். கூட்டம் முடியும் நேரத்தில் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "பெண்கள் தரப்புல என்ன வேணும்? கூச்சப்படாம சொல்லுங்க" என்றார்.

யார் பேசுவது என்பதை முந்தின நாளே பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். தையற்கடை முதலாளியிடம் கூலிக்காக மல்லுக்கட்டுகிற நாக்கு காஜாக்காவுக்குத்தான் உண்டு. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், விளக்கு, ஆண்கள் வேறு பக்கம் படுக்க வேண்டும். இந்த மூன்றையும் தைத்துக்கொண்டே வாய்க்குள் சொல்லிச் சொல்லி ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். முட்டைக்கடைக்காரி முதுகில் கைவைத்துத் தள்ள, எழுந்து முன்னால் வந்தாள்.

நாற்காலிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. புருஷன் திரும்பினார். தங்கச்சி என்று அவளைக் கூப்பிடுகிற தையற்கடை முதலாளி திரும்பினார். மகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற வாத்தியாரும் அங்கேதான் இருந்தார். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினாள்.

"ஐயா, அங்க வந்து... பாய் பத்தலைங்க."

"பாய்! ரொம்ப முக்கியமான விஷயம்" என்று அதிகாரி கையைத் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். திரும்பி வந்தவளை முட்டைக்கடைக்காரி திட்டக்கூட இல்லை. "விடு. நான் மட்டும் போயி என்னத்தைக் கிழிச்சிருப்பேன்?" என்றாள். வீடு வந்து சேரும்வரை, தன் பொண்டாட்டி சபையில் பேசிவிட்டாள் என்று புருஷன் பூரித்துக்கொண்டே வந்தார். அன்று ராத்திரி அவள் சோறு இறங்காமல் எழுந்துவிட்டாள்.

மழை வந்தது. ஒலிபெருக்கி வண்டியும் வந்தது. அதிகாரி வாக்குத் தவறவில்லை, பள்ளிக்கூடத்து மாடியில் புத்தம்புதுப் பாய்கள் அடுக்கியிருந்தன. வராந்தாவில் ஆண்கள் அவற்றைத் தாராளமாக விரித்துக்கொண்டார்கள். இந்த முறை கழிப்பறைக் கதவு வரைக்கும் பாய்.

மேகம் கறுத்த நாளிலிருந்தே காஜாக்கா வாயைக் கட்டியிருந்தாள். காய்ச்சல் முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. வகுப்பறைச் சுவரில் சாய்ந்து, மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டிருந்தாள். மகள் பெரியவளான பிறகு வருகிற முதல் வெள்ளம் இது. முன்பெல்லாம் சின்னப் பெண், எங்கே வேண்டுமானாலும் ஓடுவாள், வருவாள். இப்போது காலையிலிருந்து இடத்தைவிட்டு அசையவில்லை. மதியம் தண்ணீர் டிரம்மும் டம்ளருமாக, நிவாரண வேலைக்கு வந்திருந்த ஒரு அம்மா வந்து ஊற்றிக் கொடுத்தார்கள்.

"குடி பாப்பா. உதடெல்லாம் வெடிச்சிருக்கு பாரு" என்றார்கள் மகளிடம்.

"தாகம் இல்லம்மா."

மகளுடைய கண் ஒரு நொடி வராந்தாப் பக்கம் போய்த் திரும்பியது. காஜாக்காவுக்குச் சுருக்கென்றது. அது அவளுடைய வார்த்தை. அவளுடைய குரல்கூட.

"தாகம் இல்லாம எப்படிடி இருக்கும்? குடி."

"நீ மட்டும் குடிக்கிறியா?"

காஜாக்கா கையை நீட்டினாள். டம்ளரை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள். உள்ளே போன தண்ணீர் நெஞ்சில் அடைத்துக் கண்ணில் வந்தது. மறுபடி நிரப்பி வாங்கி மகளிடம் நீட்டினாள். அம்மாவின் முகத்தையே பார்த்தபடி மகள் குடித்து முடித்தாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் இருக்கும். மகள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். காஜாக்கா சுவரைப் பிடித்து எழுந்தாள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, வெறுங்காலோடு வராந்தாவுக்கு வந்தாள். சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், சிலர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். புருஷன்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஒட்டகம், காத்து வாங்கவா?"

"பாப்பா கக்கூஸுக்குப் போகணும்" என்றாள். வராந்தா முழுக்கக் கேட்டது. "அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாங்க தண்ணி குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? எல்லாரும் பாயைச் சுருட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போங்க."

சீட்டு நின்றது. புருஷன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து தன் பாயைச் சுருட்டினார். தையற்கடை முதலாளி தரையைப் பார்த்தபடி நகர்ந்தார். சிலர் போனார்கள். சிலர் காலை மட்டும் மடக்கிக்கொண்டார்கள். "அதுக்கு ஏன் இப்படிக் கத்தணும்?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடினாள். தானாகத் திறந்துகொள்ளப் பார்த்த கதவை முதுகால் சாத்தி, இரண்டு பக்கத்து நிலையையும் பிடித்துக்கொண்டு, போகாமல் உட்கார்ந்திருந்த ஆண்களை ஒவ்வொருவராக ஏறிட்டுப் பார்த்தாள் காஜாக்கா. மகள் வெளியே வந்தபோது வகுப்பறை வாசலில் பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

"நீ உள்ள போக்கா, நான் கதவைப் புடிச்சுக்கறேன்" என்று முட்டைக்கடைக்காரி ஓடி வந்தாள். "உனக்குத்தானே காய்ச்சல்."

"எனக்கு அப்புறம். நீ போ முதல்ல."

முட்டைக்கடைக்காரியை உள்ளே அனுப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்கிற முதுகை மறுபடியும் கதவுக்குக் கொடுத்தாள்.