மிளகாய் அக்காவின் வளைவு

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை அவள்தான். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் மிளகாய். போகப் போக இரண்டும் ஒட்டிக்கொண்டு மிளகாய் அக்கா ஆகிவிட்டது. பட்டப்பெயர் காதுக்கு வந்த அன்று, "பச்சையா, காஞ்சதா? அதையும் தெளிவாச் சொல்லிடுங்கடா," என்று கேட்டவள். அவளுக்கு அந்த வெண்கலத் தொண்டை எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ரத்தம் நிரப்பிய குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் இரைச்சலோடு போட்டி போட்டே வந்தது என்பது கூடத்தில் வேலை செய்கிறவர்கள் கட்சி. காது மந்தமான மாமியாரோடு குடித்தனம் நடத்தியதால் வந்தது என்பது புருஷன் கட்சி. அந்த மனுஷர் லாரி ஓட்டியவர். முதுகு காலை வாரிவிட்டதால் இப்போது வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. "இவ மெதுவாப் பேசினாத்தான் எனக்கு பயம். ஏதோ உடம்புக்கு ஆகலைன்னு அர்த்தம்," என்பார்.

மற்ற விஷயங்களில் கோபம் வரும், போகும். எண்களைப் பற்றி யாராவது அசட்டுத்தனமாகப் பேசினால் மட்டும் லேசில் இறங்காது. அவள் பிழைப்பே எண்தான். காலையில் கூடம் திறந்ததும் முதல் வேலை, இயந்திரத்துக்கே பரீட்சை வைப்பது. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு திரவத்தை உள்ளே விட்டு, இயந்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். அதே திரவம், அதே இயந்திரம், அதே ஆள். ஆனாலும் விடை தினமும் ஒன்றுபோல வராது. அறையின் சூடு, குழாயில் நின்ற துளி, மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் என்று எத்தனையோ சில்லறைக் காரணங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். பெரும்பாலும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுவதால் விடைகள் சராசரியைச் சுற்றியே மொய்க்கும். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் இழுப்பது அபூர்வம். அதனால் நடுவிலிருந்து விலக விலக விடைகள் அருகிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் வந்ததையெல்லாம் வரைந்து பார்த்தால் நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு, ஓரத்தில் ஒல்லியாக இரண்டு வால். மணியின் வடிவம். இதைத்தான் இயல்நிலை வளைவு என்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண் எல்லை தாண்டியதைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் அழுகிறவர்களுக்கும் அவள் பாடம் எடுப்பாள். பாடம் என்ன பாடம், அதட்டல்தான்.

"இந்த எல்லையை எப்படிப் போட்டாங்க தெரியுமா? நோய்நொடி இல்லாதவங்க நூறு பேரை எடுத்து, நடுவுல இருக்கிற தொண்ணூத்தஞ்சு பேர் உள்ள வர்ற மாதிரி கோடு கிழிச்சாங்க. வெளியில நின்ன அஞ்சு பேரும் கல்லுக்குண்டு மாதிரிதான்யா இருந்தாங்க! கோட்டைத் தாண்டினவன் எல்லாம் நோயாளி கிடையாது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு டாக்டரைப் போய்ப் பாரு."

இப்படிப்பட்டவளிடம்தான் நிர்வாகம் மணி வளைவைக் கொண்டுவந்து நீட்டியது. சில வருஷத்துக்கு முன்னால் பணியாளர் மேலாளராக ஒருவர் வந்து சேர்ந்தார். சின்ன வயசு, மடிப்புக் கலையாத சட்டை, எதற்கும் ஏறாத குரல். ஒவ்வொரு பிரிவிலும் ஊழியர்களின் வேலைக்குப் போடும் வருஷ மதிப்பெண் வளைவுப்படிதான் இருக்க வேண்டும் என்றார். மேலே கொஞ்சம், நடுவில் நிறைய, கீழே கொஞ்சம். பரிசோதனைக் கூடத்தில் இருப்பது ஏழு பேர். ஒருவர் உச்சி, ஒருவர் வால், மற்றவர்கள் நடுவில்.

அன்றைக்கு அவள் போட்ட சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது என்பார்கள். "வளைவு தானா வரணும் சார்! நாம புடிச்சு வளைக்கக் கூடாது. லட்சம் பேரைக் கண்ணை மூடிக்கிட்டு அள்ளினீங்கன்னா வரும். நான் வச்சிருக்கிறது ஏழு பேரு, அதுவும் தேறாதவங்களை எல்லாம் அனுப்பிட்டுப் பொறுக்கி எடுத்த ஏழு பேரு. சலிச்சு எடுத்த மாவுல வந்து தவிடு எங்கன்னு கேட்கிறீங்களே!"

மேலாளர் சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண் வேண்டும் என்றார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஏழு பேரும் அவளும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வால் முறை. இந்த வருஷம் ஒருவர் வால், அடுத்த வருஷம் அடுத்தவர். வேலையில் சேர்ந்த வரிசைப்படி முறை வரும். கடைசி இடத்துக்கு அப்போதெல்லாம் ஓர் அறிவுரைக் கடிதம் வரும், அவ்வளவுதான். அதைத் தாங்கிக்கொள்கிறவருக்கு வருஷம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாளடைவில் அது பெரிய வேடிக்கையாகவே ஆகிவிட்டது. "வால் வர்றாரு, வழி விடுங்கப்பா!" என்பார்கள். கடிதத்தை உரக்கப் படித்துக் கைதட்டுவார்கள். முறை எப்போது வரும் என்று காத்திருந்தவர்கள்கூட உண்டு. மிளகாய் அக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நிர்வாகத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று நினைத்தாள்.

இந்த வருஷம் முறை ஊசிக்காரியுடையது. பச்சைக் குழந்தையின் கையில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தேடி மற்றவர்கள் வியர்த்துக் கொட்டும்போது, இவள் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு ஊசியைப் போட்டுவிடுவாள். குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் ரத்தம் குழாயில் இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்கு இழுப்பு, இரவு பகல் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டியிருக்கும். ஊழியர் பிள்ளை என்பதால் வைத்தியம் இங்கேயே நடக்கிறது. "இந்த வருஷம் ஞாயித்துக்கிழமை முழுக்க என் பிள்ளைங்களோடதான்," என்று அவள் சந்தோஷமாக வாலை வாங்கிக்கொண்டாள்.

மதிப்பெண்கள் போய்ச் சேர்ந்த பிறகு உத்தரவு வந்தது. எல்லாப் பிரிவிலும் கடைசி இடத்தில் இருப்பவர்கள் மாத முடிவோடு நின்றுகொள்ளலாம்.

மிளகாய் அக்கா மூன்றாம் மாடிக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. மேலாளர் அறைக் கதவைத் தட்டவில்லை.

"அவளை அனுப்ப முடியாது சார். அது சும்மா முறை வச்சுப் போட்ட மார்க். இந்த வருஷம் அவ முறை, அவ்வளவுதான்."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "ஒவ்வொரு வருஷமும் பொய் மார்க் கொடுத்தேன்னு சொல்றீங்களா மேடம்?"

"நீங்க கேட்டதே பொய். ஏழு பேருல வளைவு வருமா?"

"வராது," என்றார் அவர், சாவகாசமாக. "நான் புள்ளியியல்தான் படிச்சேன். ஏழு பேருக்கு வராதுன்னு எனக்கும் தெரியும். ஆனா ஆளைக் குறைக்கணும்னு மேல முடிவாயிடுச்சு. யாரைன்னு கேட்டா ஒரு காரணம் வேணும். வளைவுன்னு சொன்னா யாரும் சண்டைக்கு வர்றதில்லை."

தெரியாமல் செய்கிறவனிடம் கத்தலாம். தெரிந்தே செய்கிறவனை என்ன செய்வது? மேலாளர் கணினியை அவள் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு படம். வழவழப்பான மணி வளைவு, கீழே அவளுடைய பிரிவின் பெயர்.

"முதல்ல மத்த பிரிவுக்காரங்களும் உங்களை மாதிரிதான் குதிச்சாங்க. அவங்ககிட்ட இதைத்தான் காட்டினேன். பாருங்க, இந்தப் பிரிவுல வருஷா வருஷம் எவ்வளவு இயல்பா வருது, உங்களுக்கு மட்டும் ஏன் வராதுன்னு கேட்டேன். அடங்கிட்டாங்க. நாளைக்குக் கூட்டத்துல பெரிய டாக்டர் முன்னாடியும் இதையேதான் காட்டப் போறேன். உங்களுக்கு நல்ல பேர்தான். கெடுத்துக்காதீங்க."

படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சலவைப் பிரிவிலும் சமையலறையிலும் வார்டுகளிலும் வேலை போகப்போகிற அத்தனை பேருக்கும் தன் கையால் கயிறு திரித்துக் கொடுத்திருக்கிறாள். இவர்கள் கைதட்டிச் சிரித்த சிரிப்பெல்லாம் அந்தப் படத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. மண் யார் கண்ணில் விழுந்தது? தூ, என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வீட்டில் புருஷன் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் மெதுவான குரலில் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"நாளைக்குக் கூட்டத்துல உண்மையைச் சொன்னா உன் வேலை போயிடுமா?"

"பொய் எண் கொடுத்தவ போட்ட கையெழுத்தை நாளைக்கு எந்த ரிப்போர்ட்டுல நம்புவாங்க? போயிடும்."

பையனுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அவர் அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார். "சாப்பிடு, ஆறுது," என்றார். உள்ளேயிருந்து மாமியார், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் பிரிவுத் தலைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரான பெரிய டாக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மேலாளர் திரையில் படத்தைப் போட்டு, "இது எங்கள் முன்மாதிரி," என்று ஆரம்பித்ததும் மிளகாய் அக்கா எழுந்தாள்.

"அது பொய்! நாங்க உட்கார்ந்து பண்ணினது. யாரு கடைசின்னு முறை போட்டு வச்சோம். அந்தப் படத்துல இருக்கிற ஒரு எண்ணுகூட வேலையைப் பார்த்துப் போட்டது இல்லை. அதை வச்சு யாரையும் வெளியில தள்ளாதீங்க."

சமையலறைத் தலைவர் மேசையைப் பார்த்தார். சலவைப் பிரிவு அம்மா கைக்குட்டையை மடித்தாள். அவர்களும் ஏதோ ஒரு முறை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அந்தக் குனிந்த தலைகளைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. ஒருவராவது வாயைத் திறப்பார்களா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். யாரும் திறக்கவில்லை. வாயில என்ன கொழுக்கட்டையா என்று கத்தத் தோன்றியது.

மேலாளர் குரல் அப்போதும் ஏறவில்லை. "சரி மேடம். அப்போ உங்க பிரிவுல நிஜமாவே கடைசி யாரு? அதைச் சொல்லுங்க, மாத்திடுறேன். யாரை வரிசையில நிறுத்தினாலும் ஒருத்தர் கடைசியா இருந்துதானே ஆகணும்?"

"கடைசியா நிக்கிறவ வேலைக்கு ஆகாதவன்னு எந்தக் கணக்குய்யா சொல்லுது? எங்க ஏழு பேரும் நல்லா வேலை பார்க்கிறவங்க!"

"ஒரு பேர் வேணும் மேடம்."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"என் பேரை எழுதிக்கோ. அந்தக் கூடத்துல தெரிஞ்சே பொய் எண் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவ நான்தான். ஊசி போடுற பொண்ணை விடு."

மேலாளர் பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு எண்ணிக்கை சரியா வந்தாப் போதும்," என்றார். மேலாளர் விசைப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். அவளையும் சேர்த்ததில் பட்டியலில் ஏழு எட்டானது. வால் பக்கம் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வந்தது. வளைவு அசையவில்லை. "அடுத்த பிரிவுக்குப் போகலாம்," என்றார்.

அவள் கீழே இறங்கி வந்தபோது ஊசிக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்ன ஆச்சுக்கா?"

"உன் பேரை எடுத்துட்டாங்க. நாளைக்கு வழக்கம்போல வா."

ஊசிக்காரி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குப் பதிலா யாரைக்கா போட்டாங்க?"

மிளகாய் அக்கா வெள்ளைக் கோட்டின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கத்தினாள். "கேள்வி கேட்கிற நேரமாடி இது? வெளியில ஒரு குழந்தை எவ்வளவு நேரமா அழுதுக்கிட்டு இருக்கு, காதுல விழலையா? ஊசியை எடுத்துக்கிட்டுப் போ!"