குழையலுக்குள் போட்ட மருந்து

ஒரே இரத்தத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நோய் வந்தது. புதிய மருந்தை மட்டும் கர்த்தர் ஏன் ஒரு பிள்ளை இருக்கிற நாட்டில் வைத்தார்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. விடை தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தால் இந்தச் சாட்சியை எழுதவே மாட்டேன். ஆகவே தெரியாமலேயே எழுதுகிறேன்.

நாங்கள் தெல்லிப்பழைக்காரர். என் அண்ணா என் கணவரின் அக்காவைத் திருமணம் செய்தார். அடுத்த மாதமே எனக்கும் என் கணவருக்கும் திருமணம். எங்கள் பக்கத்தில் இதை மாற்றுச் சம்பந்தம் என்பார்கள். "குடுத்ததும் எடுத்ததும் சரி" என்று கலியாண வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். அண்ணாவும் அவர் மனைவியான மச்சாளும் கனடாவுக்குப் போனார்கள். நாங்கள் இங்கேயே இருந்தோம்.

அவர்களுக்குக் கெசியா பிறந்தாள். சில மாதங்களில் எங்களுக்கு யோவேல் பிறந்தான். அங்கே பிறந்த குழந்தையின் குதிக்காலில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம். கெசியாவுக்கு சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். சளி தடித்து நுரையீரலை அடைக்கும். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரும் குடலுக்கு வந்து சேராது. இரண்டு குடும்பத்து இரத்தத்திலும் அந்த நோய் ஒளிந்திருந்ததாம்.

யோவேலை இங்கே வீசிங் என்று சொல்லி நெடுநாள் பார்த்தோம். நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும். நான் அதை வெயில் என்று நினைத்தேன். அண்ணா விடாமல் சொன்னதால்தான் வியர்வைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். என் பிள்ளையின் நோய்க்குப் பெயரும் கனடாவிலிருந்துதான் வந்தது. நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கோ அன்றைக்கே நெஞ்சுக்குள் ஏதோ கசந்தது.

பிறகு அந்தப் புதிய மாத்திரை வந்தது. நோயின் வேரிலேயே வேலை செய்கிற மாத்திரை. கெசியாவுக்குக் கிடைத்தது. எங்களுக்கு இல்லை.

நத்தார் பண்டிகை விடுமுறையில் வீடியோவில் கதைத்தோம். கெசியா பனியில் சறுக்கிக்கொண்டு வந்தாள். கன்னம் இரண்டும் உருண்டிருந்தன.

"மாமி, பாருங்கோ, நான் விழேல்லை!" என்றாள்.

என் மடியில் இருந்த யோவேல் இருமிக்கொண்டே கை தட்டினான். அவனுக்குப் பொறாமை இல்லை. அவனுடைய பங்கையும் சேர்த்து நான் பட்டேன். கொடுத்ததும் எடுத்ததும் எங்கே சரி என்று மனம் கேட்டது. ஆலயத்தில் அவளுடைய பெயரைச் சொல்லி மற்றவர்கள் ஸ்தோத்திரம் சொன்னபோது நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கெசியா வளர்ந்துவிட்டதால் அவளுடைய மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். பழைய அளவில் ஒரு பெட்டி மிஞ்சியிருப்பதாக அண்ணா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் அந்த மாதம் அங்கிருந்து வருவதாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஆர் வந்தாலும் அவருடைய பெட்டிக்குள் பாதி மற்றவர்களின் சாமான்தானே. நான் மச்சாளை அழைத்தேன்.

"மச்சாள், அந்தப் பெட்டியை உடுப்புக்குள்ளை சுத்தி அனுப்பிவிடுங்கோவன்."

"உடுப்பெண்டா அனுப்புறன். சப்பாத்தெண்டா அனுப்புறன். உது கெசியாவின்ரை ரத்தத்தைப் பாத்து, நிறையைப் பாத்து டொக்டர் அவளுக்கு எழுதினது. உங்கடை டொக்டர் கேக்காமல் நான் ஒண்டும் அனுப்பமாட்டன்."

"ரெண்டும் ஒரே ரத்தம்தானே மச்சாள்?"

"ரத்தம் ஒண்டெண்டாப்போலை மருந்தும் ஒண்டே? நீர் படிச்சனீர். இப்பிடிக் கதைக்கலாமே?"

படித்தவள் என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டது. சபைக்காரரின் பயணப்பெட்டி வந்தது. உள்ளே யோவேலுக்கு மூன்று சேட். கெசியாவின் உடம்புக்கு அளவெடுத்தவை. என் பிள்ளைக்குத் தோளிலிருந்து வழிந்தன. அவற்றை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் குசினி அடுப்படியில் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, அந்த மருந்தைத் தாரும். தராவிட்டால் அந்தப் பிள்ளையை என் கண்ணுக்குக் காட்டாதேயும்." அப்படியும் ஒரு தாய் ஜெபித்தாள் என்று நீங்கள் அறிய வேண்டும்.

மாசி மாதம் யோவேலின் நிலை மோசமானது. எவ்வளவு சாப்பிட்டாலும் நிறை ஏறவில்லை. வயிறு ஊதி, கை கால் குச்சியாகி, மலம் எண்ணெய்போல் மிதந்தது. நெஞ்சுச் சளியில் பங்கசு, அதாவது பூஞ்சை, இருக்கிறது என்று அதற்கும் ஒரு மருந்து தொடங்கினார்கள். இனி இவன் தேறமாட்டான் என்று நினைத்தேன். ஆருக்கும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் அவனுக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருக்கும்போது மச்சாளின் அழைப்பு வந்தது. ஃபோனைச் செம்பில் சாத்தி வைத்துவிட்டு என் வேலையைத் தொடர்ந்தேன். சுடச்சுடப் புட்டு. அதில் காய்ச்சிய பாலும் சீனியும் விட்டு, செரிமானத்துக்கான கப்சியூலைத் திறந்து, உள்ளே இருக்கிற குருணியைக் கொட்டி, எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் நன்றாகக் குழைத்தேன். சோறு என்றாலும் கறியோடு அப்படித்தான். நாங்கள் எல்லோரும் குழையல் உருண்டை தின்று வளர்ந்தவர்கள். மருந்து இருப்பதே பிள்ளைக்குத் தெரியாமல் ஊட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"மச்சாள், என்ன செய்யிறீர்?" மச்சாளின் குரல் மாறியிருந்தது. "சூட்டுக்குள்ளை போடாதையும்! குழைக்காதையும்! அந்தக் குருணி உடைஞ்சால் மருந்து வயித்திலையே வீணாப்போயிடும்."

"இவ்வளவு காலமும் இப்பிடித்தான் குடுக்கிறன்."

"அதுதான் மச்சாள் நான் சொல்லுறது."

ஃபோனை நிறுத்திவிட்டேன். அவளிடம் தன் பிள்ளைக்குக் கொடுக்க மாத்திரையும் இருக்கிறது, எனக்குச் சொல்லப் புத்திமதியும் இருக்கிறது என்று அழுகை வந்தது. என் கணவர் கதவடியில் நின்றார்.

"அக்கா பிழையாச் சொன்ன மாதிரித் தெரியேல்லையே" என்றார்.

"ஓம், உங்கடை அக்கா பிழையாச் சொன்ன நாளே இல்லை. நீங்களே குழைச்சுத் தீத்துங்கோ."

"குழைக்க வேண்டாமெண்டுதானே அவ சொல்லுறா" என்றார் மெதுவாக. அவர் பகிடி விட்டாரோ என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

அந்த வாரக் கிளினிக்குக்கு இரண்டு கேள்வியோடு போனேன். உண்மையைச் சொன்னால், மச்சாள் சொன்னது பிழை என்று டொக்டர் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க ஜெபித்தேன். குழைத்துக் கொடுக்கலாமா என்று முதலில் கேட்டேன். டொக்டர் அம்மா யோவேலின் நிறையைப் பார்த்தார். "எப்பிடிக் குடுக்கிறியள்? எனக்குச் செய்து காட்டுங்கோ" என்றார். வெறுங்கையால் குழைத்துக் காட்டினேன். என் கை பாதியிலேயே நின்றுவிட்டது. அவருடைய முகத்திலேயே பதில் இருந்தது.

அவர் ஏசவில்லை. கப்சியூலை விழுங்க முடியாத பிள்ளைக்குக் குருணியை, அவித்து மசித்து நன்றாக ஆறவைத்த அப்பிளில் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் தூவி, மெல்லாமல் உடனே விழுங்கவைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, உடனேயே சாப்பாட்டைத் தொடங்க வேண்டும் என்றார். சூடான உணவிலும் பாலிலும் போடக்கூடாது. நசுக்கக்கூடாது. எத்தனை கப்சியூல் என்பதை நாங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நோயைக் கண்டுபிடித்த நாளிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். அந்த நாளில் நோயின் பெயரைத் தவிர வேறு எதுவும் என் காதில் ஏறவில்லை.

இரண்டாவது கேள்வியையும் கேட்டேன். "டொக்டர், சொந்தக்காரப் பிள்ளையின்ரை புது மாத்திரை கொஞ்சம் கிடைச்சால் குடுக்கலாமோ?"

"இப்ப குடுத்திருந்தால் பெரிய கரைச்சல் அம்மா" என்றார். பங்கசுக்குக் கொடுக்கும் மருந்து அந்த மாத்திரையை உடம்பிலிருந்து போகவிடாதாம். அது கூடிக்கூடி நின்று ஈரலைத் தாக்கலாம். எந்தப் பிள்ளைக்கும் தொடங்குமுன் ஈரலைச் சோதிக்க வேண்டும், மரபணுவைப் பார்க்க வேண்டும், மற்ற மருந்துகளையும் நிறையையும் பார்த்து அளவை முடிவெடுக்க வேண்டும். மிஞ்சிய மாத்திரையை நம்பித் தொடங்கிவிட்டு இடையில் நிறுத்துவதும் நல்லதல்ல.

உடுப்புக்குள் சுற்றி அந்தப் பெட்டி வந்திருந்தால் நான் கொடுத்திருப்பேன். யோசிக்காமல் கொடுத்திருப்பேன். கர்த்தரிடமிருந்து வந்தது என்று ஸ்தோத்திரமும் சொல்லியிருப்பேன். அவர் என் ஜெபத்துக்குச் செவிசாய்க்கவில்லை என்று நான் நினைத்திருந்த அந்த நாட்களில் என் பிள்ளையைக் காத்தார். யாருடைய வாயால்? நான் முகங்கொடுத்துக் கதைக்க விரும்பாத மச்சாளின் வாயால். அது எனக்கு இன்னும் குத்துகிறது.

உயிர்த்த ஞாயிறுக்கு யோவேல் அந்தச் சேட்டுகளில் ஒன்றைப் போட்டு ஆலயத்துக்கு வந்தான். சேட் தோளில் நின்றது. வயிறு வற்றியிருந்தது. படியில் மற்றப் பிள்ளைகளோடு ஏறிப்போய், "அம்மா, உங்களுக்குத்தான் இளைக்குது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நோய் போகவில்லை. ஆவி பிடிப்பதும், நெஞ்சைத் தட்டிச் சளி எடுப்பதும், தண்ணீரில் உப்புச் சேர்ப்பதும் ஒவ்வொரு நாளும் இருக்கின்றன. ஆனால் தூரத்து மருந்துக்காக அழுதுகொண்டிருந்தவளுக்குக் கையில் இருந்த மருந்தைக் கொடுக்கும் விதத்தைக் கர்த்தர் கற்றுத்தந்தார். தாய்மாரே, அவரை நம்புங்கள். நம்புகிறவள் டொக்டரிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று எவராவது சொன்னால் அதை மாத்திரம் நம்பாதேயுங்கள். ஒவ்வொரு மருந்தையும் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று டொக்டருக்கு முன்னால் செய்து காட்டுங்கள். வேறொரு பிள்ளைக்கு எழுதிய மருந்து உங்கள் பிள்ளைக்கு வேண்டாம்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் போன கிழமை மச்சாள் அழைத்தாள். கெசியாவின் ஈரல் பரிசோதனை சரியில்லையாம். புதிய மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பத் தொடங்குவார்களோ தெரியாதாம். மச்சாள் அழுததை நான் அன்றுதான் முதன்முதல் கேட்டேன்.

"மச்சாள், நீர் அவளுக்காக ஜெபம்பண்ணும். உம்மடை ஜெபத்தை அவர் கேக்கிறார்" என்றாள்.

ஓம் என்றேன். முழங்காலிலும் நிற்கிறேன். "ஆண்டவரே, கெசியாவுக்கு அந்த மருந்தை" என்று தொடங்குகிறேன். "யோவேலுக்கும்" என்று தானாகவே வந்துவிடுகிறது. அதை விழுங்கினால் ஜெபமே நின்றுவிடுகிறது. அவள் பெயரை மட்டும் சொல்லி ஆமென் வரைக்கும் போக இன்றுவரை என்னால் முடியவில்லை.

இதை வாசிக்கிற சகோதரிகளே, உங்களில் எவராவது இப்படி நின்றிருக்கிறீர்களா? உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காததை இன்னொருத்தியின் பிள்ளைக்காக எப்படிக் கேட்டீர்கள்? எந்தச் சொற்களால் கேட்டீர்கள்? எனக்கு எழுதுங்கள். கெசியா காத்திருக்கிறாள்.