ஆடிக் காட்டாத டீச்சர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயத்து வீடுகள் புதைந்த மழைக்கு அடுத்த மாதம் அது. அரபு நடனம் பழக்கி டுபாய்க்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு டீச்சர் வேனில் வந்தார். என் பேத்தி செல்வியும் மற்ற பெண்களோடு போய் நின்றாள். நான் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடித்தவன். கூத்தில் ஆட வருகிறவன் முதலில் வாத்தியார் பேரைச் சொல்வான்.

"யாருகிட்டங்க ஆடப் படிச்சீங்க?" என்றேன்.

"எகிப்துல, தாத்தா. பேரு சொன்னா ஒங்க வாயில நொழையாது."

"நாக்கு சுளுக்குனா சுளுக்கட்டும், சொல்லுங்க."

அவர் வேன் பக்கம் திரும்பினார்.

"சரி, தப்படிக்கிறேன். ரெண்டு அடி ஆடிக் காட்டுங்க."

அவர் கால் அசையவில்லை. பெண்களையும் ஆடச் சொல்லவில்லை. அவர்களுடைய பாஸ்போட்டுகளை மட்டும் வாங்கிப் பைக்குள் வைத்தார். செல்வியின் பாஸ்போட்டைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் என்னைத் திட்டித் திட்டி அழுதாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வேனில் ஏறினார்கள்.

போனவர்களில் ஒருத்தியிடமிருந்தும் இன்னும் போன் வரவில்லை. பெண்பிள்ளை இருக்கிற வீடுகளில் இதைச் சொல்லிவிடுங்கள்.