பாஞ்சாலை வைத்த கைநாட்டு

'ரிசைன்' என்பதற்கும் 'ரிடையர்' என்பதற்கும் என்ன வித்தியாசம், தெரியுமா உங்களுக்கு? படித்தவர் நீங்கள், நொடியில் சொல்லிவிடுவீர்கள். அதைத் தெரிந்துகொள்ளப் பாஞ்சாலை ஒரு வீட்டை இழக்க வேண்டியிருந்தது.

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தார். இந்த வருடம், 1979-இல், வயது ஐம்பத்தைந்து. மூட்டு வீங்கி, கூடையோடு சரிவில் ஏற முடியவில்லை. கணவர் இருளப்பன் பக்கவாதத்தில் படுக்கையாகக் கிடந்தார். பாஞ்சாலை தோட்டத்து ஆபீசுக்குப் போய், "வேலை நின்னுக்கிறேங்க கிராணி ஐயா" என்றார். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தங்கையா டைப் அடித்து நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. அங்கே கிராணியிடம் அப்படிக் கேட்பது அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். யாரும் கேட்டதில்லை.

மறுவாரம், பதினைந்து நாளில், தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யும்படி கடிதம் வந்தது. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்க்கும் கத்தரீன் படித்துச் சொன்னார்.

"அக்கா, நீங்க ரிசைன் பண்ணிட்டதா போட்டிருக்கு."

"ஆமாலா, நின்னுட்டேன்ல?"

"அது வேற, அக்கா. ரிடையர்னா வயசாயிடுச்சுன்னு தோட்டமே ஓய்வு கொடுக்கிறது. கடைசி வரைக்கும் வீட்டுல இருக்கலாம். ரிசைன்னா நீங்களா வேணாம்னு உதறிட்டுப் போறது. வீடு கிடையாது."

"படுத்துக் கிடக்கிற மனுசனை வச்சிக்கிட்டு எங்கலா உதறிட்டுப் போவேன்?"

இருவரும் ஆபீசுக்கு ஓடினார்கள். தங்கையா தலை நிமிரவில்லை.

"நின்னுக்கிறேன்னு நீதானே சொன்ன? ரெண்டும் ஒண்ணுதான்லா."

"ஒண்ணுதான்னா ரிடையர்னே மாத்தி அடிச்சுக் கொடுங்க" என்றார் கத்தரீன்.

"வந்துட்டாங்கய்யா டீச்சரம்மா! துரை கையெழுத்துப் போட்டாச்சு. போங்க, போங்க."

லயத்தில் எல்லோரும் தலையெழுத்து என்றார்கள். எந்தத் தலையில் எந்தக் கடவுள் எழுதினார்? எழுதியது தங்கையாவின் டைப்ரைட்டர். படிக்காமல் ஒப்பமிட்டது மேனேஜர் துரையின் பேனா.

பதினாறாம் நாள் இருளப்பனைப் பாயோடு தூக்கி லோரியில் ஏற்றினார்கள். இப்போது திரிங்காப் ஊரில், பாஞ்சாலையின் தங்கை வீட்டுக் காய்கறிக் கொட்டகையில், கோணி மூட்டைகளுக்கு நடுவே படுத்திருக்கிறார். பாஞ்சாலை வீங்கிய மூட்டோடு முட்டைக்கோசு வெட்டப் போகிறார்.

இங்கிலீஷ் தெரிந்தவரே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பக்கத்திலுள்ள தோட்டத்துக்குப் போங்கள். கைநாட்டுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு தாளையும் வாங்கி, வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள்.